குலைநோய்ப் பூஞ்சாணம் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது?

குலைநோய் விழுந்த வயலைப் பார்த்தவர்களுக்கு அதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. இலையில் கண் வடிவத்தில் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. இலையோடு நின்றால் பெரும்பாலும் பயிர் தேறி வந்துடும். கதிர் வெளிவரும் நேரத்தில் கழுத்தில் விழுந்தால்தான் ஆபத்து. கழுத்து கறுத்து, பால் ஏறாமல், கதிர் வெளுத்துப் பதராகிவிடும். வரப்பில் நின்று பார்த்தால் முற்றிய வயல் மாதிரியே தெரியும். கையில் பிடித்தால்தான் கனம் இல்லை என்று புரியும்.

இந்தப் பாடத்தில் நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். காற்றில் வந்த ஒரு வித்து நெல் இலையில் விழுகிறது. அதுக்குக் கண் இல்லை, மூளை இல்லை. மொத்தமே மூன்று செல்கள். ஆனாலும் ‘இது நெல் இலை, இப்போது உள்ளே போகலாம்’ என்று அது எப்படித் தெரிந்துகொள்கிறது? எனக்கு உயிரியல் பட்டம் கிடையாது. வணிகவியல் படித்து, வங்கியில் காலம் தள்ளி, ஓய்வுக்குப் பிறகு வயலுக்கு வந்தவன். ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலைப் படிக்கப் படிக்க, நாம் இயற்கை விவசாயத்தில் ‘முன்னோர் சொன்னது’ என்று செய்கிற சில காரியங்களுக்குக் கணக்குப் புரிந்தது. சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் தெரிந்தது.

நமக்கும் இந்த நோய்க்கும் பழைய உறவு உண்டு. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது நம்ம தஞ்சைப் பகுதியில்தான், 1913-ல். 1919-ல் காவிரிப் படுகையில் பெரிய அழிவைக் கொடுத்தது. அதுக்குப் பிறகுதான் தாங்குதிறன் உள்ள ரகங்களைத் தேடும் வேலை இங்கே மும்முரமானது. ஆனைக்கொம்பனிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4 குலைநோயைத் தாங்கியது. அதையும் ஆடுதுறை 10-ஐயும் கலந்து கோ 25, கோ 26 வந்தன. இன்னொரு கோயம்புத்தூர் ரகமான கோ 39-க்கு நேர் எதிரான புகழ். குலைநோய்க்கு அது அவ்வளவு எளிதில் விழும் என்பதால் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் ஒப்பீட்டுக்காக அதைத்தான் நடுகிறார்கள். பூஞ்சாணத்தின் ஒரு மரபணுவுக்கே கோ 39 என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம்ம ஊர் நெல் இப்படியும் பேர் வாங்கியிருக்கிறது!

பூஞ்சாணத்தின் பெயர் மேக்னபோர்தே ஒரைசே. கேழ்வரகிலும் தினையிலும் குலைநோய் வருகிறதே, அதுவும் இந்தக் கூட்டம்தான். ஆனால் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி வகைகள் பழகியிருக்கின்றன.

இனி அந்த ஓர் இரவுக்கு வருவோம். வித்துகள் பெரும்பாலும் இரவில்தான் வெளியேறுகின்றன. இலையில் விழுந்த வித்துக்கு முதலில் வேண்டியது ஈரம். பனித்துளி பட்டதும் வித்தின் நுனியில் இருக்கும் பசை வெளியே வந்து இலையோடு ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பசை டெஃப்லான் மேல்கூட ஒட்டும் என்று 1988-ல் கண்டுபிடித்தார்கள். நம்ம வீட்டு ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அதே டெஃப்லான். நெல் இலையின் மேல் மெழுகு இருக்கு, தண்ணீர் உருண்டு ஓடிடும், வித்தும் வழுக்கி விழுந்துடும் என்று நாம் நினைப்போம். அது நடக்காது.

ஒட்டிய சுமார் இரண்டு மணி நேரத்தில் வித்திலிருந்து ஒரு முளைக்குழல் நீளும். இந்தக் குழல்தான் இலையைத் தடவிப் பார்க்கும் விரல். அது என்னென்ன பார்க்கிறது? பரப்பு கெட்டியாக இருக்கிறதா, தண்ணீர் ஒட்டாத பரப்பா, மெழுகின் வேதிப்பொருட்கள் தட்டுப்படுகின்றனவா, வெளியே தின்ன ஏதாவது இருக்கிறதா. கடைசிக் கேள்வி விசித்திரமானது. சத்து நிறைந்த கரைசலில் விட்டால் வித்து முளைத்து நூல் நூலாகச் சும்மா வளரும், தாக்கும் உறுப்பைச் செய்ய மனசு வராது. பனித்துளியில் சத்து ஒன்றும் இல்லை. பட்டினி கிடக்கிறோம், கீழே கெட்டியான மெழுகுப் பரப்பு இருக்கிறது என்ற இரண்டு சேதியும் சேர்ந்தால்தான் அது வேலையில் இறங்கும். தழைச்சத்து இல்லை என்றால் வேலை செய்யத் தொடங்கும் ஒரு மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். எம்.பி.ஜி.1 என்று பெயர். தண்ணீர் ஒட்டாத பரப்பில் பற்றிக்கொள்ள உதவும் ஒரு புரதத்தை அது செய்கிறது.

வங்கி லாக்கர் தெரியும்தானே. வாடிக்கையாளர் சாவி ஒன்று, வங்கியின் சாவி ஒன்று. ஒரு சாவியைப் போட்டு எவ்வளவு திருகினாலும் கதவு திறக்காது. பூஞ்சாணமும் அப்படித்தான் வைத்திருக்கிறது. கண்ணாடிச் சில்லு கெட்டியான பரப்புதான், ஆனால் அதில் தண்ணீர் ஒட்டும். அதனால் அதன் மேல் தாக்கும் உறுப்பு சரியாக உண்டாவதில்லை. அதே நேரத்தில் வெறும் பிளாஸ்டிக் தாள் மேல் விட்டால், நெல்லே இல்லாவிட்டாலும், ஏமாந்துபோய் உறுப்பைச் செய்துவிடுகிறது. அதாவது அதுக்கு ‘நெல்’ என்று ஒன்று தெரியாது. தெரிவதெல்லாம் அடையாளங்கள்தான்.

வெளியே கிடைத்த சேதி உள்ளே எப்படிப் போகிறது? இதுதான் பாடத்தின் நடுப்பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்க. செல்லின் மேல்தோலில் உணரும் புரதங்கள் இருக்கின்றன. அவை சேதியை இரண்டு வழியில் உள்ளே அனுப்புகின்றன.

முதல் வழி, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு. திடீரென்று நாய் துரத்தினால் நமக்கு நெஞ்சு படபடக்கிறதே, அப்போது அட்ரினலின் சேதியைச் செல்லுக்குள் கொண்டுபோவதும் இதே மூலக்கூறுதான். பூஞ்சாணத்தில் மேக் 1 என்ற மரபணுதான் இதைத் தயாரிக்கும் புரதத்துக்குப் பொறுப்பு. அந்த மரபணுவை எடுத்துவிட்டால் தாக்கும் உறுப்பே வராது. வெளியிலிருந்து சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஊற்றினால் மறுபடி வந்துவிடும். தண்ணீர் ஒட்டும் பரப்பில்கூட, இதை ஊற்றினால் பூஞ்சாணம் ஏமாந்து உறுப்பைச் செய்கிறது என்று 1993-லேயே காட்டிவிட்டார்கள்.

இரண்டாவது வழி வங்கிக்காரனுக்கு ரொம்பப் பழக்கமானது. கடன் விண்ணப்பம் ஒன்று வந்தால் எழுத்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கு அனுப்புவார், அதிகாரி போட்டு மேலாளருக்கு அனுப்புவார். மேலாளர் கையெழுத்து விழுந்த பிறகுதான் பணம் வெளியேறும். பூஞ்சாணத்தில் எம்.எஸ்.டி.11 என்ற புரதம் எம்.எஸ்.டி.7-ஐத் தட்டி எழுப்புகிறது, அது பி.எம்.கே.1-ஐ எழுப்புகிறது. எழுப்புவது என்றால், ஒரு பாஸ்பேட்டை அதன் மேல் ஒட்டுவது. அதுதான் கையெழுத்து. மேலாளர் பி.எம்.கே.1 எழுந்ததும் செல்லின் கருவுக்குள் இருக்கும் மரபணுக்கள் வரிசையாக வேலையைத் தொடங்குகின்றன.

1996-ல் ஜின்-ராங் ஷு, ஜான் ஹேமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பி.எம்.கே.1 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். வித்து முளைத்தது. தாக்கும் உறுப்பு வரவில்லை. அதைவிட முக்கியம், இலையில் காயம் பண்ணி உள்ளே செலுத்தினாலும் நோய் வரவில்லை. 2018-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் நிக் டால்பட் குழு இன்னும் ஒரு படி போனது. பூஞ்சாணம் ஏற்கெனவே இலைக்குள் நுழைந்த பிறகு பி.எம்.கே.1-ஐ மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரே செல்லுக்குள் மாட்டிக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போக வழி தெரியாமல் நின்றுவிட்டது. ஆக, வாசலைத் திறப்பதற்கும் வீட்டுக்குள் அறை அறையாகப் போவதற்கும் ஒரே மேலாளரின் கையெழுத்து வேண்டும். இதே குடும்பத்துப் புரதம் ரொட்டி ஈஸ்டிலும் இருக்கிறது. அங்கே அது ஜோடி சேர்வதற்குப் பயன்படுகிறது! பழைய கருவியைப் புது வேலைக்கு வைத்துக்கொள்வது இயற்கைக்குப் பழக்கம்.

உத்தரவு விழுந்ததும் முளைக்குழலின் நுனி உப்பி ஒரு குமிழ் ஆகிறது. குமிழின் சுவரில் மெலனின் என்ற கருப்புப் பூச்சு ஏறுகிறது, நம் முடியில் இருக்கும் கருமையின் உறவுக்காரப் பொருள். உள்ளே கிளிசரால் சேர்கிறது. பூச்சு இருப்பதால் கிளிசரால் வெளியே கசிய முடியாது, தண்ணீர் மட்டும் உள்ளே வரும். அழுத்தம் ஏறி ஏறி 80 வளிமண்டல அளவுக்குப் போகிறது. கார் டயரில் நாம் ஏற்றும் காற்றைவிட முப்பது மடங்குக்கு மேல். அந்த அழுத்தம் அத்தனையும் அடியில் இருக்கும் ஊசி போன்ற நுனியில் இறங்கி இலையைத் துளைக்கிறது. இதற்குள் வித்தில் இருந்த சத்தெல்லாம் குமிழுக்குப் போய்விட, வித்து செத்துவிடும். திரும்பிப் போக வழியே இல்லாத பயணம் அது.

குலைநோய்க்கு உலகமெங்கும் அதிகம் தெளிக்கப்படும் ரசாயனங்களில் ஒன்று டிரைசைக்ளசோல். அது செய்வது என்ன? அந்தக் கருப்புப் பூச்சைத் தயாரிக்கும் வேலையை நிறுத்துகிறது. பூச்சு இல்லாத குமிழில் அழுத்தம் ஏறாது, ஊசி இறங்காது. அவ்வளவுதான். ஏற்கெனவே இலைக்குள் போய்விட்ட பூஞ்சாணத்தை அது மீட்டு எடுத்து வெளியே போடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நமக்குச் சோதனை வருவது எப்போதும் கழுத்து கறுத்த பிறகுதான். போன தாளடியில் என் பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டு, “சார், மூணு வருஷமா கஷ்டப்பட்டு இயற்கையில கொண்டு வந்துட்டீங்க, இந்த ஒரு தடவை மட்டும் அடிச்சுடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?” என்றார். அவர் நல்ல மனுஷன், என் மேல் அக்கறையில் சொன்னது. நான் அவரிடம், “அண்ணே, கறுத்த கழுத்தை அந்த மருந்து பச்சையாக்குமா?” என்று கேட்டேன். “ஆக்காது, ஆனா மத்த கதிரைக் காப்பாத்தும்ல” என்றார். அதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். இன்னும் வெளிவராத கதிர்களுக்கு அது தடுப்பாக இருக்கும். ஆனால் அதற்கு விலை, சான்றிதழுக்கான கணக்கைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அரிசியிலும் அதன் எச்சம் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் டிரைசைக்ளசோல் எச்சத்தின் வரம்பை கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 ஆகக் குறைத்தபோது நம் நாட்டு பாசுமதி ஏற்றுமதிக்காரர்கள் திண்டாடியது நினைவிருக்கும். நான் அடிக்கவில்லை. மேட்டுப் பக்கம் இருந்த கால் ஏக்கர் போச்சு, மற்றது தப்பியது. அடித்திருந்தால் அந்தக் கால் ஏக்கரில் பாதி மிஞ்சியிருக்குமோ என்னவோ.

அதனால் நாம் கை வைக்க வேண்டிய இடம், பூஞ்சாணம் முடிவெடுக்கும் அந்த இரவு. அதன் சாவிகளில் எதை நாம் பிடுங்க முடியும்? கெட்டியான பரப்பையும் மெழுகையும் மாற்ற முடியாது, அது நெல்லின் உடம்பு. பிடுங்கக்கூடியது ஈரத்தை. வித்து முளைத்து, குமிழ் செய்து, அழுத்தம் ஏற்றித் துளைக்கிற வரைக்கும் இலை தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், இரவு குளிர்ந்தால் கூடுதல் மணி நேரம் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் பனி மாலையிலேயே இறங்கி மறுநாள் வெயில் ஏறும் வரை நிற்பதுதான் சம்பா, தாளடிக்கு வினை. நெருக்கி நட்ட வயலில் பனி காய இன்னும் தாமதமாகும். திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்வதும், 8 அடிக்கு ஒரு அடி பட்டம் விடச் சொல்வதும் தூர் கட்டவும் புகையானுக்கும் மட்டும் என்று நினைத்துவிடாதீங்க. காற்று உள்ளே புகுந்து இலையைச் சீக்கிரம் காய வைத்தால், குமிழ் பாதியில் நின்றுபோகும். மரநிழல் விழும் மூலையில் இன்னும் தள்ளி நடலாம்.

விதைப்புத் தேதியைத் தள்ளி, கதிர் வரும் நேரத்தைப் பனியிலிருந்து விலக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. குறுகிய கால ரகங்களுக்குச் சரி. பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் நம் பழைய சம்பா ரகங்களை முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் பூக்கிற நாள் அவ்வளவாக நகராது. அவற்றுக்கு இடைவெளிதான் கைகொடுக்கும்.

அடுத்தது தழைச்சத்து. இங்கே ஒரு குழப்பம் வரும். பட்டினிதான் பூஞ்சாணத்தைத் தூண்டுகிறது என்றால், தழைச்சத்து நிறையப் போட்டால் அது சும்மா இருக்காதா? இருக்காது. பட்டினி என்பது இலைக்கு மேலே, பனித்துளியில். தழைச்சத்து கூடினால் பயிருக்கு உள்ளேதான் கூடுகிறது. மேலே பட்டினி கிடந்து உள்ளே நுழைந்தவனுக்கு விருந்து காத்திருக்கிறது, பயிரின் தடுப்பும் தளர்ந்திருக்கிறது. தழைச்சத்து மிஞ்சிய நெல்லில் குலைநோய் கடுமையாகும் என்பது எல்லா நாட்டிலும் பார்த்த உண்மை. யூரியா போடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பாடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தக்கைப்பூண்டை மடக்கி உழுது, மேலே கோழி எருவும் போட்டு, அதுக்கும் மேலே மீன் அமிலத்தை வாரம் ஒரு தரம் தெளித்தால் கணக்கு என்ன ஆகிறது? அந்த தழைச்சத்து எங்கிருந்து வந்தது என்று பூஞ்சாணம் ரசீது கேட்பதில்லை. பயிர் கரும்பச்சையாக நிற்கிற வயலைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். பனிக்காலத்தில் எனக்கு அந்த நிறத்தைப் பார்த்தால் பயம். பூட்டைப் பருவத்துக்குப் பிறகு மீன் அமிலத்தை நான் நிறுத்திவிடுகிறேன். பனி கொட்டும் நாட்களில் பொழுது சாய்ந்து எந்த வளர்ச்சி ஊக்கியும் தெளிப்பதில்லை, ஈரத்தோடு ஈரம் சேரும்.

மணிச்சத்து, சாம்பல்சத்து பற்றி இங்கே விரிக்கவில்லை. சிலிக்கா மட்டும் சொல்லிவிடுகிறேன். நெல் சிலிக்காவை நிறைய உறிஞ்சி இலைத்தோலில் படிய வைக்கும் பயிர். சிலிக்கா கிடைத்த நெல்லில் குலைநோய் குறைகிறது. வைக்கோலும் உமியும் வயலை விட்டு வெளியேறும்போது சிலிக்காவும் வெளியேறுகிறது. உமிச் சாம்பலாகவோ, மாட்டுக்குப் போட்டு எருவாகவோ அது திரும்பி வர வேண்டும். நோய் விழுந்த வைக்கோலை அப்படியே வயலில் விடக் கூடாது, அதில் வித்து தங்கும்.

தண்ணீர் விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இலையில் ஈரம் கெடுதல், ஆனால் வேரில் தண்ணீர் நல்லது. வாடிய மேட்டு நிலத்தில்தான் குலைநோய் அதிகம். என் வயலில் போன கால் ஏக்கரும் மேடுதான். நாற்றங்காலைக் காய விடாதீங்க.

நாற்றங்காலிலேயே ஒரு காவலாளியை வைக்கலாம். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ், நம்மில் பலர் பயன்படுத்துவது. விதை கிலோவுக்கு 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து இரவு முழுக்க ஊற வைக்கணும். நடும்போது, ஒரு ஹெக்டேர் நாற்றுக்கு நடவு வயலில் 25 சதுர மீட்டர் பாத்தியில் 2.5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி, 2.5 கிலோ தூவிக் கலக்கி, நாற்றின் வேரை அரை மணி நேரம் நனைத்து நட வேண்டும். இது வந்த நோயை விரட்டும் மருந்து அல்ல. முன்னாடியே போய்ப் பயிரின் தடுப்பு சக்தியை எழுப்பி வைக்கும்.

கலப்பு ரகம் நடுவது பற்றிச் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999-ல் நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1999-ல் 3,342 ஹெக்டேரில், குலைநோய்க்கு எளிதில் விழும் உயரமான ஒட்டரிசி ரகத்தைத் தாங்குதிறன் உள்ள குட்டை ரகங்களுக்கு நடுவே வரிசையாக நட்டார்கள். தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் அந்த ஒட்டரிசியில் நோய் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. இரண்டு ஆண்டு முடிவில் பூஞ்சாணக்கொல்லி தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். தாங்குகிற ரகத்தில் விழும் வித்து வீணாகிறது. அதோடு உயரமான ரகம் குட்டை ரகத்துக்கு மேலே தலை தூக்கி நிற்பதால் அதன் இலையில் காற்றும் வெயிலும் பட்டு ஈரம் குறைகிறது. நம்மிடம் உயரமும் உண்டு, குட்டையும் உண்டு. அறுவடை நாளும் அரவை ஆலையும் ஒத்துவந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து முயன்று பார்க்கலாம்.

இதற்கெல்லாம் செலவில்லாத ஒரு கருவி உண்டு, உங்கள் உள்ளங்கை. கார்த்திகை பிறந்ததும் காலை ஆறரைக்கு வயலுக்குப் போய் மூன்று நான்கு இடத்தில் இலையைத் தடவிப் பாருங்கள். மறுபடி எட்டுக்கு, மறுபடி ஒன்பதுக்கு. எந்த மூலையில் எத்தனை மணிக்குப் பனி காய்கிறது என்று டைரியில் குறித்து வையுங்க. பேரேடு எழுதிய பழக்கம் எனக்கு விடவில்லை, தேதி, மூலை, நேரம் என்று மூன்று பத்தி போட்டு எழுதுகிறேன். ஒன்பதரை தாண்டியும் ஈரம் நிற்கிற மூலை எதுவோ, அடுத்த பட்டத்தில் அங்கே இடைவெளியைக் கூட்டி, கோழி எருவைக் குறைக்கிறேன்.